சைபர்பங்க்குக்கு காத்தம் ஏன் ஒட்டுது, மெட்ரோபோலிஸ் ஏன் ஒட்ட மாட்டேங்குது

சைபர்பங்க் (தொழில்நுட்பம் எங்கேயோ போயிருக்கும், கம்பெனிகள் ஆளும், சாதாரண மனுஷன் நசுங்குவான், அந்த மாதிரி எதிர்காலக் கதை வகை) டேபிள்டாப் கேம் (மேஜையைச் சுத்தி உக்காந்து கதை சொல்லியே ஆடற விளையாட்டு) ஒண்ணு நடத்தப் போறேன், புதுசா நகரம் உருவாக்காம ஏற்கனவே இருக்கற சூப்பர்ஹீரோ நகரம் ஒண்ணை எடுத்து ஐம்பது வருஷம் எதிர்காலத்துக்குத் தள்ளி வைக்கலாம்னு பார்க்கறேன், பேட்மேனோட காத்தம்னா டக்குனு செட் ஆகுது, சூப்பர்மேனோட மெட்ரோபோலிஸும் ஃப்ளாஷோட சென்ட்ரல் சிட்டியும் எவ்வளவு நியான் லைட் போட்டாலும் மழை பெய்ய வச்சாலும் ஒட்டவே மாட்டேங்குது, ஏன்னு கேட்டிருந்தீங்க. நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒரு நகரத்துல எது இருந்தா சைபர்பங்க் தாங்கும், அது இல்லாத நகரத்துல நாமளே அதைக் கொண்டு வர முடியுமா. நான் வீடியோ கேம்களுக்கு நகரப் பின்னணி டிசைன் பண்ற வேலைல பல வருஷமா இருக்கேன், காமிக்ஸ் அதுக்கு முன்னாடியிருந்தே படிக்கறேன். அதனால காமிக்ஸ்ல நிஜமாவே எழுதியிருக்கறது எது, என் வேலை அனுபவத்துல எனக்குத் தோணறது எதுன்னு பிரிச்சே சொல்றேன், ரெண்டாவதுல நீங்க ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்ல.

முதல்ல இருட்டு. காத்தம் இருட்டா இருக்கு அதனால ஒட்டுதுன்னு பெரும்பாலும் சொல்வாங்க, அது பாதி சரி. அந்த இருட்டு எங்கேர்ந்து வந்ததுன்னு பார்த்தாதான் மீதிப் பாதி புரியும். நியூயார்க்ல 1915ல ஈக்விடபிள் பில்டிங்னு ஒரு பிரம்மாண்ட ஆபீஸ் கட்டிடம் வந்தது, தெருவோரத்துலேர்ந்து நேரா சுவர் மாதிரி மேல போயிடும், சுத்தி சுமார் 7 ஏக்கருக்கு நிழல் விழுதுன்னு பெரிய புகார் ஆச்சு. அடுத்த வருஷமே, 1916ல, நகர நிர்வாகம் ஒரு சட்டம் கொண்டு வந்தது, கட்டிடம் உயர உயர படிப்படியா உள்ள தள்ளித்தான் கட்டணும், அப்பதான் தெருவுக்கு வெளிச்சமும் காத்தும் வரும்னு. நியூயார்க்கோட பழைய கட்டிடங்கள் படிக்கட்டு மாதிரி மேல குறுகிப் போறதுக்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியமான காரணம். இப்ப 1989ல வந்த பேட்மேன் படத்துக்கு காத்தத்தை டிசைன் பண்ணின ஆன்டன் ஃபர்ஸ்ட் இதை அப்படியே திருப்பிப் போட்டார். கட்டிட அனுமதி தர்ற அமைப்பே இல்லாம நியூயார்க் வளர்ந்திருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுதான் அந்த ஊரை உருவாக்கினாங்க. அதனால அங்க கட்டிடங்கள் மேல போகப் போக உள்ள போகாது, தெரு மேல வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், ரெண்டு பக்கமும் நெருங்கி வந்து வானத்தையே மறைக்கும். அந்த டிசைனுக்கு ஆஸ்கர் கிடைச்சது, 1992ல காமிக்ஸும் அந்தத் தோற்றத்தை எடுத்துக்கிச்சு. ஆக காத்தத்தோட இருட்டு தானா வந்ததில்ல, சட்டம் இருக்க வேண்டிய இடத்துல பணம் இருந்ததால வந்தது. மெட்ரோபோலிஸை வரையும்போது பெரும்பாலும் பளபளப்பான கோபுரம், அகலமான தெரு, கீழ வரைக்கும் வெயில், அதாவது அந்த 1916 சட்டத்தை ஒழுங்கா மதிச்ச ஊர் மாதிரிதான் வரையறாங்க. (யாரும் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்ல, படங்களைப் பார்த்து நான் வர்ற முடிவு.)

அந்த 1992 கதைல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைரஸ் பிங்க்னின்னு ஒரு பழைய கட்டிடக் கலைஞர், அவருக்குப் பணம் கொடுத்தது பேட்மேனோட மூதாதையர் சாலமன் வெய்ன். பிங்க்னி கட்டின பழைய கோத்திக் கட்டிடங்களை, பின்னாடி வந்த மொக்கையான புதுக் கட்டிடங்கள் மறைச்சிடுச்சு. அந்தப் புதுசையெல்லாம் ஒருத்தன் குண்டு வச்சுத் தகர்த்து பழசை வெளிய கொண்டு வரான். புதுசுக்குப் பின்னாடி பழசு அப்படியே நின்னுக்கிட்டு இருக்குங்கறதுதான் இங்க விஷயம். சைபர்பங்க் நகரத்துக்கு இது ரொம்பத் தேவை, எதையும் இடிச்சுத் துப்புரவாக் கட்டினதா இருக்கக் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினதா இருக்கணும், கீழ் அடுக்குல இருக்கறவன் மேல் அடுக்கோட சுமையைத் தாங்கறவனா இருக்கணும்.

என் வேலைலேர்ந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு சந்து வரையணும்னு வச்சுக்கோங்க. காத்தம் சந்துன்னா செங்கல் சுவர், துருப்பிடிச்ச இரும்புப் படிக்கட்டு, மேல ஒரு கல் பூதம், தரையிலேர்ந்து நீராவி. இதை சைபர்பங்க் ஆக்க நான் முதல்ல கையை வைக்கறது வயர்ல. மேல் மாடிக்குப் போற தடிமனான மெயின் கேபிள் ஒண்ணு, அதுக்கு உறை, கம்பெனி முத்திரை, எல்லாம் ஒழுங்கா இருக்கும். அதுலேர்ந்து மூணாவது மாடி ஜன்னலுக்கு யாரோ கொக்கி போட்டு இழுத்த மெல்லிசான வயர், அதுல டேப் சுத்தியிருக்கும், அந்த டேப்புக்கு மேல இன்னொரு டேப். அப்புறம் தண்ணிக் குழாய், ஒரே குழாய்லேர்ந்து பதினஞ்சு கிளை, ஒவ்வொண்ணுலயும் வேற வேற நிறப் பெயின்ட், எது யாரோடதுன்னு சண்டை வராம இருக்க. சுவர்ல மீட்டர் பெட்டிகள், பாதில பூட்டு உடைஞ்சிருக்கும். இவ்வளவும் வச்ச பிறகுதான் நியான். அந்த நியான் கூட யார் வச்சது, அதுக்கு கரன்ட் எங்கேர்ந்து வருதுன்னு வரையறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். டீம்ல புதுசா சேர்றவங்ககிட்ட நான் கேக்கற முதல் கேள்வியே இந்த வயரை யார் இழுத்ததுங்கறதுதான். பதில் இல்லன்னா அந்தச் சந்து வெறும் வால்பேப்பர்.

இதுக்கு நிஜ உலக முன்மாதிரி ஹாங்காங்ல இருந்த கவ்லூன் வால்ட் சிட்டி. வெறும் 2.6 ஹெக்டேர் இடம், 1987 கணக்கெடுப்புப்படி சுமார் 33,000 பேர், ஹாங்காங் பிரிட்டிஷ் கைல இருந்தப்பவும் அந்தத் துண்டு நிலத்து மேல யாரோட அதிகாரம் செல்லும்னு தெளிவில்லாததால கட்டிட விதி, உரிமம் எதுவும் பெருசா உள்ள நுழையல. கீழ்ச் சந்துகள்ல பகல்லயே விளக்கு எரியணும், தலைக்கு மேல குழாயும் வயரும் தொங்கும். 1993, 94ல இடிச்சுட்டாங்க. 2005 பேட்மேன் படத்துல வர்ற நேரோஸ்ங்கற சேரித் தீவுக்கு இதுதான் மாதிரி. காத்தத்துக்குள்ள இப்படி ஒரு இடத்தைக் கொண்டு வச்சா ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியாது, மெட்ரோபோலிஸ் நடுவுல வச்சா தனியாத் துருத்திக்கிட்டுத் தெரியும்.

அடுத்தது நிறைய பேர் கவனிக்காதது, ஹீரோ எப்படி நகர்றாருங்கறது. சைபர்பங்க் நகரத்துல உயரம்தான் வர்க்கம். மேல இருக்கறவன் கீழ வர வேண்டியதில்ல, கீழ இருக்கறவன் மேல போக அனுமதி, பணம், திருட்டு ஏதாவது ஒண்ணு வேணும். பேட்மேன் மேல போகணும்னா கயிறு வேணும், கொக்கி மாட்டணும், தவறினா கீழ விழுவார். உயரத்துக்கு அவர் உடம்பால விலை கொடுக்கறார், அதனால படிக்கறவங்களுக்கும் அந்த உயரம் உறைக்குது. சூப்பர்மேனுக்கு இருபதாவது மாடியும் இருநூறாவது மாடியும் ஒண்ணுதான். ஃப்ளாஷுக்கு தூரமே கிடையாது, செக்போஸ்ட்டைத் தாண்டி ஓட அவருக்கு ஒரு நொடி கூட வேண்டாம். நகரம் தன்னோட ஹீரோவையே தடுக்க முடியலன்னா மத்தவங்களைத் தடுக்குதுன்னு நம்ப வைக்கறது ரொம்பக் கஷ்டம். உங்க கேம்ல மெட்ரோபோலிஸ், சென்ட்ரல் சிட்டி ரெண்டும் கைக்குள்ள வராம நழுவறதுக்கு இதுவே பெரிய காரணமா இருக்கும்னு நினைக்கறேன், லைட்டிங் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இவ்வளவு சொல்லிட்டு காத்தத்தோட குறையையும் சொல்லியாகணும். காத்தத்துல தீமை எங்க இருக்குன்னு பாருங்க, பழைய குடும்பங்கள்ல, சாபம் மாதிரி திரும்பி வர்ற கடந்த காலத்துல, ஆர்க்கம்ங்கற மனநல மருத்துவமனைல அடைச்சு வச்சிருக்கற மனுஷங்க மனசுல. கோத்திக் கதைல இறந்த காலம் நம்மைத் துரத்தும், சைபர்பங்க்ல எதிர்காலம் நம்மளை விலைக்கு வாங்கும். ரெண்டுக்கும் ஒரே இருட்டு, ஆனா பயம் வேற. ஜோக்கருக்கு ரோபோ கை வச்சா அது சைபர்பங்க் ஆயிடாது, அவனுக்கு லாபக் கணக்கே கிடையாது. இன்னொரு சிக்கல், அந்த ஊரோட மிகப் பெரிய கம்பெனி முதலாளியே ஹீரோ. கம்பெனிதான் எதிரின்னு சொல்ற ஒரு வகைல, முதலாளி நல்லவர், ராத்திரி வந்து காப்பாத்துவார்னா அடிப்படையே ஆடிப்போயிடும். 1999ல ஆரம்பிச்ச பேட்மேன் பியாண்ட் கார்ட்டூன் இந்த முடிச்சை எவ்வளவு சுலபமா அவிழ்த்ததுன்னு பாருங்க. ப்ரூஸ் வெய்ன் வயசாகி ஒதுங்கிடறார், கம்பெனி டெரெக் பவர்ஸ் கைக்குப் போய் வெய்ன் பவர்ஸ்னு ஆகுது. புது ஹீரோ டெர்ரி மெக்கினிஸ் ஒரு ஸ்கூல் பையன், அவனோட அப்பா அந்தக் கம்பெனில வேலை பார்த்தவர், கம்பெனி ரகசியமாத் தயாரிச்ச நச்சுவாயு பத்தின விவரம் கைக்கு வந்ததால கொல்லப்படறார். பேட்மேன் டிரெஸ்ஸே அவன் திருடிக்கிட்டுப் போனதுதான். தெருவுல பசங்க விலங்கு மரபணுவை உடம்புல ஏத்திக்கறாங்க, முன்னாடி பேன் (Bane)ங்கற வில்லனை ராட்சசனா ஆக்கின வெனம்ங்கற மருந்து இப்ப தோல்ல ஒட்டற பட்டையா விக்குது. காத்தத்தை நியோ காத்தம் ஆக்கினது பறக்கும் கார்னு நான் நினைக்கல, முதலாளியை நாற்காலிலேர்ந்து இறக்கினதுதான். உங்க கேம்லயும் முதல்ல அதைப் பண்ணுங்க.

இப்ப மெட்ரோபோலிஸ். இங்க நான் சொல்லப் போறது கொஞ்சம் வம்பான கருத்து, ஆதாரம் இருக்கு, முடிவு என்னோடது. சூப்பர்மேனை எடுத்துட்டா காத்தத்தை விட மெட்ரோபோலிஸ்தான் அசல் சைபர்பங்க் நகரம். 1986ல ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைத் திருத்தி எழுதினப்ப சூப்பர்மேனோட பரம எதிரி லெக்ஸ் லூத்தரை பைத்தியக்கார விஞ்ஞானிங்கற நிலைலேர்ந்து எடுத்து ஊரையே கைக்குள்ள வச்சிருக்கற தொழிலதிபர் ஆக்கினார். ஊர்ல பெரும்பகுதிப் பேருக்கு நேரடியாவோ சுத்தி வளைச்சோ அவரோட லெக்ஸ்கார்ப் கம்பெனிலேர்ந்துதான் சம்பளம். ஒரு கட்டத்துல சூப்பர்மேன் நிருபரா வேலை பார்த்த டெய்லி பிளானட் பத்திரிகையையே வாங்கி மூடிட்டு லெக்ஸ்காம்னு ஒரு இணையச் செய்தி நிறுவனத்தை ஆரம்பிச்சார். 2000ல வந்த கதைல பிரெய்னியாக் 13ங்கற இயந்திர வில்லன் மெட்ரோபோலிஸையே ஒரே ராத்திரில எதிர்கால நகரமா மாத்திடும், அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பதிலா லூத்தர் கொடுக்கறது தன்னோட கைக்குழந்தை லீனாவை. ஒரு மனுஷன் பெத்த பொண்ணைக் கொடுத்து எதிர்காலத்தோட சாவியை வாங்கறார், அதே வருஷம் அமெரிக்க ஜனாதிபதியாவும் ஜெயிக்கறார். இதை விட சைபர்பங்க்கான ஒரு காட்சி காத்தத்துல எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்த ஊருக்குள்ள சூசைட் ஸ்லம்னு ஒரு சேரிப் பகுதி இருக்கு, ஏதாவது கதைக்குத் தேவைப்பட்டா மட்டும் எட்டிப் பார்ப்பாங்க. எல்லா விதையும் அங்க இருக்கு, மேல ஒருத்தர் பறந்துக்கிட்டு இருக்கறதால முளைக்கல. அவரை எடுக்க விருப்பம் இல்லன்னா இன்னொரு வழி இருக்கு. அவர் காதுல விழறதெல்லாம் அலறல், வெடிச் சத்தம், உடையற கண்ணாடி. இருபது வருஷ வேலை ஒப்பந்தத்துல ஒருத்தன் கையெழுத்துப் போடறப்ப எந்தச் சத்தமும் வராது, அதுல சட்டத்துக்கு விரோதமாவும் எதுவும் இருக்காது. அந்த மாதிரிக் கெடுதல்களை மட்டுமே கதையா வைங்க, சூப்பர்மேன் மேல பறந்தபடியே இருக்கலாம், கீழ எதுவும் மாறாது. ஆனா இதை நடத்தறது கஷ்டம், உங்க பிளேயர்ஸ் பொறுமையானவங்களா இருக்கணும்.

சென்ட்ரல் சிட்டி பத்தி அதிகம் இல்ல. ஊரா பார்த்தா அதுல யாரையும் நசுக்கற அமைப்பு கிடையாது, ஆராய்ச்சிக்கூடம், அருங்காட்சியகம், நல்ல போலீஸ். ஆனா அதோட வில்லன்கள் மட்டும் வேற ஊர்லேர்ந்து வந்த மாதிரி இருப்பாங்க. கேப்டன் கோல்ட் அடிமட்டத்துலேர்ந்து வந்த திருடன், பனித் துப்பாக்கியைத் தானே உருவாக்கிக்கிட்டவன், அவனோட திருடர் கூட்டத்துக்குன்னு கட்டுப்பாடுகள் இருக்கு, கூட்டாளியைக் கைவிட மாட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கீஸ்டோன் சிட்டி ஃபேக்டரித் தொழிலாளர் ஊர். அந்த ஃபேக்டரிகள் மூடின பிறகு நடக்கற கதைன்னு எடுத்துக்கிட்டு, அந்தத் திருடர் கூட்டத்தையே பிளேயர்ஸா வச்சா நல்லா வரும்.

எவ்வளவு நியான் போட்டாலும் ஒட்டலன்னீங்கல்ல, அதுக்கு 2014ல வந்த பிக் ஹீரோ 6 படத்தோட சான் ஃபிரான்சோக்கியோவைப் பாருங்க. விளம்பர வெளிச்சம், நெருக்கமான கட்டிடங்கள், தெருவுல ரோபோ சண்டைச் சூதாட்டம், கண்ணுக்கு எல்லாமே இருக்கு. ஆனா அந்த ஊர்ல யூனிவர்சிடி கதவு ஒரு பதினாலு வயசுப் பையனுக்குத் திறக்குது, அவனை வளர்க்கற அத்தையோட கஃபே நல்லா ஓடுது, தொழில்நுட்பம் ஆறுதல் சொல்லுது. அழகான ஊர், சைபர்பங்க் இல்ல. பிளாக் பாந்தர் கதைகள்ல வர்ற வகாண்டா நாட்டோட தலைநகரம் பிர்னின் சானாவும் அப்படித்தான், அங்க வைப்ரேனியம்ங்கற அபூர்வ உலோகம் ஒரு கம்பெனி சொத்தா இல்லாம நாட்டோட சொத்தா இருக்கறதுதான் அந்தக் கற்பனையோட உயிரே, அதைப் பிடுங்கிட்டு சைபர்பங்க் பண்ணினா வகாண்டாவுல எதுவும் மிஞ்சாது.

மார்வெல் பக்கம் யாராவது உங்ககிட்ட மேட்ரிபூர்னு சொல்வாங்க. 1985லேர்ந்து காமிக்ஸ்ல வர்ற கற்பனைத் தீவு நாடு, தென்கிழக்கு ஆசியால இருக்கறதா சொல்றாங்க, ஹைடவுன் லோடவுன்னு பேர்லயே ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கும், மேல பணக்காரங்க கீழ கொள்ளைக்காரங்க, வுல்வரின் பேட்ச்ங்கற பேர்ல அங்க சுத்துவார். அமைப்பு கச்சிதம். எனக்கு அதுல ஒரு உறுத்தல் உண்டு, அது வெளிய இருக்கறவங்க கற்பனை பண்ணின ஆசியா, லோடவுன்ல இருக்கறவங்க கதைக்குப் பின்னாடி நிக்கற கூட்டமாவே இருப்பாங்க. சைபர்பங்க் வகைக்கே இந்த வியாதி இருக்கு, ஆசிய எழுத்துப் பலகையை அலங்காரமா மாட்டி வச்சுட்டு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு வசனம் கூடக் கொடுக்காது. மேட்ரிபூரை எடுத்தீங்கன்னா உங்க பிளேயர்ஸ் லோடவுன்ல பொறந்தவங்களா இருக்கட்டும், இறக்குமதி ஆனவங்களா வேண்டாம்.

என்னைக் கேட்டா நான் எடுக்கற ஊர் டகோட்டா. நிறைய பேருக்குத் தெரியாது, 1993ல கறுப்பினப் படைப்பாளிகள் சேர்ந்து ஆரம்பிச்ச மைல்ஸ்டோன் காமிக்ஸோட நகரம். அதுல ஹார்ட்வேர்னு ஒரு தொடர், டுவேன் மெக்டஃபி எழுதி டெனிஸ் கோவன் வரைஞ்சது. கர்டிஸ் மெட்கால்ஃப்னு ஒரு மேதைப் பையன், எட்வின் ஆல்வாங்கற தொழிலதிபர் அவனைச் சின்ன வயசுல கண்டுபிடிச்சு படிக்க வைக்கறார், படிச்சு முடிச்சதும் வேலை கொடுக்கறார். அவன் கண்டுபிடிப்புகளால கம்பெனி கொழிக்குது. லாபத்துல ஒரு பங்கு கேக்கறான், ஆல்வா நீ வேலைக்காரன்கற மாதிரி முகத்துல அடிச்சாப்ல சொல்லிடறார். வேற கம்பெனிக்குப் போலாம்னா ஒப்பந்தம் விடாது. ஆல்வாவோட குற்றங்களுக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தா, அவர் மேல கை வைக்க யாரும் தயாரா இல்ல. கடைசில கம்பெனி பணத்துல, கம்பெனி பொருள்ல, கம்பெனிக்குத் தெரியாம கவசம் செஞ்சு கம்பெனியையே அடிக்கறான். அதே ஊர்ல பாரிஸ் ஐலண்ட்ல கேங்குகள் மோதிக்கறப்ப போலீஸ் ஒரு சோதனை நிலைக் கண்ணீர்ப்புகையை வீசுது, கலந்துக்கிட்டவங்களை அப்புறமா அடையாளம் கண்டுபிடிக்க அதுல ஒரு ரசாயனம், அதுல நிறைய பேர் சாகறாங்க, பிழைச்சவங்களுக்கு சக்தி வருது. கண்காணிப்பு, சோதனை எலியா ஆக்கப்பட்ட ஏழைங்க, உடம்புல கேக்காம வந்த மாற்றம், வேலை ஒப்பந்தம், எல்லாம் அந்த ஊர்ல முதல் வருஷத்துலயே வந்தாச்சு. நியான் ஒண்ணு கூட இல்ல, பகல் வெளிச்சத்துலயே நடக்குது, நீங்க எதிர்காலத்துக்குத் தள்ளக் கூட வேண்டாம்.

எந்த ஊரை எடுத்தாலும் முதல் செஷனுக்கு முன்னாடி போலீஸ் யார்கிட்ட சம்பளம் வாங்குதுன்னு முடிவு பண்ணிடுங்க. 1992ல வந்த ஸ்பைடர்மேன் 2099ல நியூயார்க் நூத்துச் சொச்சம் வருஷம் தள்ளி நுவேவா யார்க்னு மாறியிருக்கும், அங்க பப்ளிக் ஐங்கற போலீஸ் ஆல்கெமேக்ஸ் கம்பெனியோடது, ஹீரோ மிகல் ஒஹாராவும் அதே கம்பெனில மரபணு ஆராய்ச்சி பண்றவர், வேலையை விட்டுடறேன்னு சொன்னதும் அவருக்கே தெரியாம போதைமருந்து கொடுத்து அடிமையாக்கப் பார்ப்பாங்க. அந்த ஒரு முடிவுலேர்ந்தே அந்த ஊர்ல மத்ததெல்லாம் வரிசையா வந்திருக்கும், யார் எந்த அடுக்குல இருக்காங்க, புகார் கொடுத்தா என்ன ஆகும், கீழ விடப்பட்ட பழைய டவுன்டவுன்ல யார் மிஞ்சியிருக்காங்க எல்லாமே. உங்க ஊருக்கும் அதை எழுதி வச்சுட்டு, அப்புறமா மேப் வரைய உக்காருங்க. மேப் போட்ட பிறகு எங்கயாவது சிக்கினா இங்கயே கேளுங்க, பார்த்துட்டு சொல்றேன்.